கார் ஸ்டார்ட் ஆகலையா? செல்ஃப் எடுக்குதா என்று முதலில் கேளுங்கள்

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மெக்கானிக்குக்குப் போன் அடித்தால், அவர் முதலில் கேட்பது "செல்ஃப் எடுக்குதா?" என்பதுதான். நம்மில் பலர் அதற்கும் "அதான் ஸ்டார்ட்டே ஆகலயேண்ணே" என்று பதில் சொல்கிறோம். அவர் கேட்டது அதுவல்ல. கார் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று கேட்கிறார். அதைச் சொல்லத் தெரிந்தாலே, நல்லா இருக்கிற பேட்டரியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிற செலவு பல பேருக்கு மிச்சமாகும்.

எஞ்சின் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது. முதலில் அதைச் சுற்றிவிடுவது செல்ஃப் மோட்டார். அதற்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. சின்ன கார் என்றாலும் அந்த ஒன்றிரண்டு நொடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டீசல் வண்டி இன்னும் அதிகமாக இழுக்கும். எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் பெட்ரோல், காற்று, பிளக்கின் பொறி மூன்றும் நேரத்துக்குச் சேர்ந்தால் அது பற்றிக்கொண்டு ஓடும். டீசலில் பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றும்.

ஆக, நடப்பது இரண்டு வேலை. செல்ஃப் சுற்றவே இல்லை என்றால் பெட்ரோலையும் பிளக்கையும் பார்த்துப் பயனில்லை, கோளாறு மின்சாரப் பக்கம் இருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைப் பழி சொல்லக் கூடாது. கீழே வருகிற எல்லாமே இந்தப் பிரிவை வைத்துத்தான்.

காவிரி டெல்டாவில் கார் நோவுகள் கொஞ்சம் தனி ரகம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கார், அவர்கள் லீவில் வரும்வரை கொட்டகையில் நிற்கும். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீடு தேடி வரும். ஐப்பசி கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்று. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தால் தேடுகிற இடம் குறையும்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

ஒரு நிமிஷத்தில் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்ச்சையோ அழுத்தாமல் பட்டனை மட்டும் அமுக்கினால் டேஷ்போர்டு விளக்கு எரியும், செல்ஃப் எடுக்காது. சாதாரண கியர் வண்டியிலும் கிளட்ச் முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் மாடல்கள் நிறைய உண்டு. கால்மிதி சுருண்டு கிளட்ச்சுக்கு அடியில் போய்விட்டால் கால் தரை வரை போகாது. அதற்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

அடுத்து சத்தம். சாவியைத் திருப்பியதும் "டடடடட" என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சார்ஜ் போதவில்லை, அல்லது பேட்டரியில் கேபிள் மாட்டுகிற முனையான டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. முனகிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றி நின்றாலும் அதே கதைதான். ஒரே ஒரு "டக்", அதற்குப் பின் அமைதி என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் மேல், அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான சோலனாய்டு மேல் போகிறது. சத்தமே இல்லை, டேஷ்போர்டும் இருட்டு என்றால் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது, இல்லையென்றால் கேபிள் கழன்றிருக்கிறது.

சத்தம் பிடிபடவில்லை என்றால் ஹெட்லைட்டைக் கேளுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பட்டும், நீங்கள் முன்னால் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். திருப்பும்போது வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் அப்படியே பளிச்சென்று இருந்து, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்றால் பேட்டரி மேல் தப்பு இல்லை. செல்ஃப் மோட்டார், அதற்குக் கரண்டை இணைக்கும் ரிலே, சாவி ஸ்விட்ச் இவற்றில் ஒன்று. புது வண்டிகளின் எல்.இ.டி. விளக்கு அவ்வளவு சுலபமாக மங்காது. அந்த வண்டிக்கு மீட்டர்தான் சாட்சி.

சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக்கல் கடையில் மல்டிமீட்டர் கிடைக்கிறது. கார் வைத்திருப்பவர் வீட்டில் ஸ்டெப்னி இருக்கிற மாதிரி அதுவும் இருக்கலாம் என்பது என் கட்சி. வண்டி நின்று சில மணி நேரம் கழித்து பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டிலும் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. உள்ளே தகடு கெட்ட பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் அந்தப் பேட்டரியில் தெம்பு இல்லை. கடைசியாக, எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை என்று சந்தேகப்படலாம். நம் ஊரில் இன்னமும் பல பேர் அதை டைனமோ என்றுதான் சொல்வார்கள். அது ஏற்றாத வண்டிக்குப் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரமே இறங்கி நிற்கும்.

நின்றுகொண்டே இருக்கும் காருக்கு என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணம், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும். சாவியைக் கையில் எடுத்த பிறகும் கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. இரண்டு வாரத்தில் பேட்டரி பாதி, மாதக் கடைசியில் காலி. காலியான பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. "வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே" என்பார்கள் அப்பாக்கள். ஒரு வாரத்தில் எட்டு ஆம்பியர்-மணிக்கு மேல் போகிறது. ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடினால் அதில் சொற்பம்தான் திரும்பும். அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். ஓட்ட ஆள் இல்லை என்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி வைப்பது மேல்.

கரண்ட் போன இரவுகளில் காரில் போன் சார்ஜ் போடுவது நம் பக்கம் பழக்கம். போன் குடிப்பது கொசுறு. பேட்டரியை இறக்குவது, அப்போது சாவி ஆனில் இருப்பதால் கூடவே ஓடுகிற ஸ்டீரியோவும் ஏ.சி. ஃபேனும்தான்.

இனி டெர்மினல். நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேட்டூரில் தண்ணீர் தளும்பினாலும் வாய்க்கால் தலைப்பில் குப்பை அடைத்துக்கொண்டால் கடைமடைக்கு வராது. பேட்டரி நிறைந்திருந்தும் டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் செல்ஃபுக்குக் கரண்ட் போகாது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஏனென்றால் அவற்றுக்குச் சில ஆம்பியரே போதும். நூறு ஆம்பியர் கேட்கும்போதுதான் அடைப்பு தெரியும்.

மன்னார்குடி பக்கம் என் சித்தப்பா வீட்டு வண்டியில் இப்படித்தான் "டடடட" சத்தம். பேட்டரியை மாற்றச் சொல்லி ஆளாளுக்கு யோசனை. "வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல தம்பி, கம்பெனி பேட்டரி" என்று சித்தப்பாவுக்கு மனசே இல்லை. வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், இன்னொரு முனையை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற உலோகம், பார்த்தால் நடுவில் இடைவெளியே இல்லை. "இப்ப சாவியத் திருப்புங்கய்யா" என்றார். மீட்டரில் ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "பாத்தீங்களா? பேட்டரி குடுக்குறதுல அஞ்சு வோல்ட்டு இந்த அழுக்குலயே செத்துப்போவுது. மோட்டாருக்கு என்ன மிஞ்சும்?" நல்ல இணைப்பில் அந்த இடத்தில் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது.

செய்த வைத்தியம் எளிது. மைனஸை முதலில் கழற்றினார், பிறகு பிளஸ். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றியதும் பூத்தது நுரைத்துக் கரைந்தது. துடைத்து, ஈயம் பளபளக்கும்வரை கத்தி முனையால் சுரண்டி, பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். கழற்றும்போது மைனஸ் முதலில் என்பதற்குக் காரணம் உண்டு. பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் மைனஸ் இணைப்பு இல்லாததால் பொறி பறக்காது. கடலோரத்தில் இருப்பவர்கள் மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை இதைப் பார்த்துவிடலாம். மைனஸ் கேபிளின் மறு முனை பாடியிலும் எஞ்சினிலும் எர்த் ஆகிற இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உப்புக்காற்று அங்கேயும் துரு ஏற்றும்.

பேட்டரிதான் இறங்கியிருக்கிறது என்றால் இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போடலாம். ஊரில் கார் இல்லாவிட்டாலும் டிராக்டர் இருக்கும். டிராக்டர் பேட்டரி 12 வோல்ட், தாராளமாகப் போடலாம். நெல் ஏற்ற வந்த லாரியிடம் போகாதீர்கள். லாரியிலும் பஸ்ஸிலும் பெரும்பாலும் இரண்டு பேட்டரியைத் தொடர்ச்சியாகப் போட்டு 24 வோல்ட் வைத்திருப்பார்கள், அது காரின் கம்ப்யூட்டரைக் கருக்கிவிடும். முதலில் சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பிளஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை நம் வண்டி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள். பேட்டரியிலேயே கடித்தால் அங்கே பறக்கும் பொறி, பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனைப் பற்றவைக்கலாம். ஐந்து நிமிஷம் அந்த வண்டியை ஓடவிட்டு, பிறகு நம் சாவியைத் திருப்பலாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது? கியர் வண்டியில் சாவி ஆனில், இரண்டாவது கியரில், வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டால் எடுக்கும். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. கியர் வண்டியிலும் டேஷ்போர்டு அடியோடு இருட்டாக இருந்தால் ஊரே சேர்ந்து தள்ளினாலும் வீண், ஏனென்றால் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் உயிர் கொடுக்கவாவது கொஞ்சம் கரண்ட் வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு அடியுங்கள். இல்லையென்றால் ஒரு கோளாறோடு வந்த வண்டியில் பேட்டரியும் இறங்கி, செல்ஃப் மோட்டாரும் சூடேறும்.

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். அது இம்மொபிலைசர், வண்டி உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை என்கிறது. இரண்டாவது சாவியை எடுத்துவந்து பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தால், ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பல மாடல்கள் எடுக்கும்.

பெட்ரோல் வண்டியில் சாவியை ஆனுக்குக் கொண்டுவந்ததும், செல்ஃப் அடிக்கும் முன், பின் சீட்டுப் பக்கம் "ம்ம்ம்" என்று இரண்டு நொடி ஒரு சத்தம் வரும். அது டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். பெட்ரோல் முள்ளையும் முழுசாக நம்ப வேண்டாம். நீண்ட நாள் நின்ற வண்டியில் மிதவை சிக்கி, இல்லாத பெட்ரோலை இருக்கிறதாகக் காட்டும். தண்ணீர் புகுந்த பெட்ரோல் இன்னொரு தொல்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரோடு சேரும், தண்ணீர் அளவு மிஞ்சினால் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்.

வண்டியைக் கொட்டகையிலிருந்து வாசலுக்கு எடுத்து உடனே ஆஃப் செய்தால், அடுத்த தடவை சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பிளக் நனைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை அடி வரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும், பிளக் காய்ந்து எஞ்சின் பிடிக்கும்.

தை, மாசியில் செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் நான் முதலில் எலியைத்தான் சந்தேகப்படுவேன். அறுத்த வயலில் தீனி குறைந்து, வைக்கோல் போருக்கு வந்து, பக்கத்தில் நிற்கும் காரின் சூட்டுக்கு ஏறிவிடும். பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் மூடி மேல் வைக்கோல் துணுக்கு, புழுக்கை, நெல் உமி இருந்தால் வயரை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். மேலிருந்து முழுசாகத் தெரிகிற வயர் அடிப்பக்கம் செம்பு தெரியக் கடிபட்டிருக்கும். இன்ஜெக்டருக்கும் சென்சாருக்கும் போகிற மெல்லிய வயர்கள் அதற்கு ரொம்பப் பிடித்தம். வேதாரண்யம் புகையிலையைத் துணியில் கட்டி எஞ்சினில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் சூட்டில் அந்த நெடி எத்தனை நாள் நிற்கும் என்பது ஒரு பக்கம், துணி நழுவி சைலன்சர் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும் என்பது இன்னொரு பக்கம். அடியில் கம்பிவலை அடிப்பதும், வைக்கோல் போரிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்துவதும் உருப்படியான வழி.

வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் "விர்ர்" என்று செல்ஃப் சுற்றினால், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்குகிற டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு தடவைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள். பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து வளைக்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டி சூட்டில் நின்று, அரை மணி ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆனால் எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வையுங்கள், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுத்தான் உறுதி செய்ய முடியும்.

டீசல் வண்டியில் டேங்க் காயும்வரை ஓட்டினால் லைனில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் எடுக்காது. ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்பை அது இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். போர்வெல் மோட்டார் கொட்டகையில் கேனில் கிடந்த டீசலை அவசரத்துக்கு ஊற்றுபவர்கள் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வடித்துப் பாருங்கள். டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றும் ஹீட்டர் பிளக் நம் வெயிலுக்குப் பெரிய பிரச்சினை பண்ணாது, மார்கழி விடியற்காலையில் மட்டும் அதன் அருமை தெரியும்.

தண்ணீரில் நின்ற வண்டி

இதற்கு மட்டும் சோதனை கிடையாது, சாவியைத் தொடாமல் இருப்பதுதான் வேலை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தது போன்ற புயலுக்குப் பிறகோ, வாய்க்கால் உடைத்துக்கொண்ட இரவுக்குப் பிறகோ, தண்ணீர் வடிந்ததும் "ஓடுதான்னு பாப்போம்" என்று கை பரபரக்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய செலவு லட்சத்துக்குப் போவது இந்த ஒரு திருப்பலில்தான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், 'எஞ்சின் புரொடெக்ட்' சேர்க்காத சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தொட்டுப் பாருங்கள், ஈரம் என்றால் எஞ்சினுக்குள்ளும் போயிருக்க வாய்ப்பு உண்டு. எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எந்த உயரம் வரை தண்ணீர் நின்றது என்று கதவில் படிந்த சேற்றுக் கோட்டோடு போட்டோ எடுத்துவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகாமல், தூக்கி ஏற்றும் வண்டியைச் சொல்லுங்கள்.

மற்ற நேரங்களில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் செல்ஃபே சொல்லிவிடும். நம் டவுன்களில் பேட்டரிக் கடை, வயரிங் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், எஞ்சின் மெக்கானிக், டீசல் பம்ப் கடை எல்லாம் தனித்தனி. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மீட்டரோடு வருவார். பேட்டரிக் கடைக்குப் போவது அவர் பார்த்த பிறகு இருக்கட்டும். செல்ஃப் சுற்றிப் பிடிக்கவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக். போனில் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, பெட்ரோல் வண்டி. மூணு வாரமா எடுக்கல. சாவி திருப்புனா டடடடன்னு தட்டுது, லைட்டு மங்குது. டெர்மினல்ல பச்சையா பூத்திருக்கு." அவர் எந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.